வேப்பமரம் சாய்ந்த வீடு: புயல் என்று சொன்னால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். 2024 நவம்பர் 24 அன்று காசி யாத்திரை புறப்பட்டு, டிசம்பர் 8 அன்று திரும்பினோம். ஃபெஞ்சல் புயலில் பக்கத்து வீட்டு வேப்பமரம் வேரோடு சாய்ந்து, எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் உடைத்திருந்தது. உள்ளே இறங்கிய மழைநீரில் கட்டில், பீரோ, இன்வெர்ட்டர் எல்லாம் பாழாகிவிட்டன. மரத்தின் அடியில் பொந்து இருப்பதை ஜூன் மாதமே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், “மழைக்கு முன்னால் கழித்துவிடுகிறேன்” என்று பதில் போட்டவர், இப்போது “புயலுக்கு நான் என்ன செய்ய முடியும்?” என்கிறார். ஐயாயிரம் ரூபாய் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றும் கேட்கிறார். வீட்டுக் கடனோடு எடுத்த காப்பீடு இருக்கிறது. நாங்கள் தாமதமாகத் தெரிவித்ததால் பணம் கிடைக்காது என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். மரத்தை என் மருமகன் வெட்டி விறகுக் கடைக்கு விற்றுவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கு இழப்பீடு வழங்கினால், அந்தத் தொகையளவுக்கு மரத்தின் உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் உங்கள் உரிமை அந்நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். ஐயாயிரத்துக்காக அவரை நீங்கள் முழுமையாக விடுவித்துவிட்டால், எங்கள் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுக்க இடம் கிடைத்துவிடும்.

அண்டை வீட்டுக்காரரின் வாதத்தை அடியோடு தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, உங்கள் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. நல்ல மரம் சாய்ந்திருந்தால் ‘தெய்வச் செயல்’, அதாவது மனிதரால் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றம், என்ற எதிர்வாதம் நிற்கக்கூடும். இங்கிலாந்தில் 1926-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், சாலையின் மேல் நீண்டிருந்த மரக்கிளை முறிந்து ஒரு பேருந்தின் மேல் விழுந்தது. கிளையின் பழுது வெளியே தெரியாதது என்பதால் உரிமையாளருக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கூறியது. உங்கள் வழக்கு வேறுபடும் இடம் இதுதான்: பழுது அவருக்குத் தெரியும், வெட்டுவதாக ஒப்புக்கொண்டார், ஐந்து மாதம் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே புயல் எவ்வளவு வலுவானது என்பதைவிட, புயலுக்கு முன் அவர் என்ன அறிந்திருந்தார் என்பதே உங்கள் வழக்கின் உயிர்நாடி. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், கைப்பேசியையும் மாற்றாதீர்கள். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் தேவைப்படும். (விழக்கூடிய நிலையிலுள்ள மரத்தை அகற்றுமாறு உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. புயலுக்கு முன்பே கோட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுத்திருக்கலாம்; ஆனால் பழகிய அண்டை வீட்டார் மீது யார்தான் மனு கொடுக்கிறார்கள்?)

மருமகன் செய்தது அவசரம்தான். ஆனால் மழைநீர் இறங்கும் வீட்டில் மேலும் சேதம் வராமல் தடுப்பது உங்கள் கடமையும்கூட. அதற்காக மரத்தை அகற்றியதில் தவறில்லை. அதை விற்றதுதான் தவறு. மரம் அண்டை வீட்டுக்காரருடையது, எனவே விறகுக் கடை தந்த தொகையை அவருக்கு அனுப்பும் வழக்கறிஞர் நோட்டீஸில் குறிப்பிட்டு இழப்பீட்டில் கழித்துக்கொள்ளுங்கள். அவர் பக்கம் மிஞ்சியிருக்கும் அடிமரத்தையும் வேர்க் குழியையும், அவர் மண் போட்டு மூடுவதற்குள் உங்கள் பக்கத்திலிருந்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வாய்மொழி மறுப்புக்கு மதிப்பில்லை. அசல் பாலிசி வங்கியில் இருந்தால் கிளை மேலாளரிடம் நகல் கேட்டு வாங்குங்கள். பூட்டிய வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் காலியாக இருந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை சில பாலிசிகளில் உண்டு. நீங்கள் சென்றது இரண்டு வாரமே என்பதால் அது உங்களைத் தொடாது. தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2017-இல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்காட்டியது. வீடு திரும்பிய நாளில்தான் சேதத்தைக் கண்டீர்கள் என்பதற்கு உங்கள் ரயில் பயணச்சீட்டே சான்று. அதன் நகலை இணைத்து, எழுத்துமூலம் கோரிக்கை அனுப்பி, சர்வேயரை அனுப்பக் கேளுங்கள். பாலிசி ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு வகையாக இருந்து, கட்டடத்துக்கு மட்டும் என்று எடுக்கப்படாமல் இருந்தால், வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்டு, பாதுகாப்பு உண்டு.

நிறுவனம் மறுத்தாலோ, உங்கள் எழுத்துமூல முறையீட்டுக்கு ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதற்குப் பதிலாக, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அண்டை வீட்டார் மீதான உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் அதற்கு அவசரமில்லை. இப்போதைக்கு அவருக்கு ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள்.