கொழுந்தை இறக்கி வையுங்கள்

அன்புள்ள அக்கா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமுனைக் கோளாறு, மனம் மிதமிஞ்சிப் பொங்குவதும் இருண்டுபோவதும் மாறி மாறி வரும் நோய். ஐந்து வருடமாக அதற்கு லித்தியம் குளிசை குடிக்கிறார். அப்பா இல்லை. அண்ணன் கொழும்பில் கடையில் வேலை, காசு அனுப்புவார். அம்மா நித்திரையில்லாமல் பேசிக்கொண்டே இருக்கும் இரவுகளில் நானும் முழித்திருக்கிறேன். போன கிழமை பொறுக்க முடியாமல் சோற்றுக் கோப்பையை வீசி எறிந்துவிட்டேன். ஒரு நாளாவது இந்தக் காம்பராவை விட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. பெற்ற தாயிடம் இப்படி நடக்கிற நான் பொல்லாதவளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை தங்கச்சி. நீங்கள் நித்திரை கெட்டுப்போனவர், அவ்வளவுதான்.

சுகமில்லாத என் அண்ணனைப் பல வருடம் பார்த்தேன். குளிசை, கிளினிக், சமையல், இரவுக் காவல் எல்லாம் நானே. அதைத்தான் பாசம் என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி விழுந்து நெற்றி உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றிரவு அண்ணனுக்குக் குளிசை கிடைக்கவில்லை. எது, எத்தனை என்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நெற்றிக் காயத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது.

மலையில் காலையில் எடுத்த கொழுந்தை அந்திவரை யாரும் சுமப்பதில்லை. நிறுவைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் மறுபடி நிரைக்குப் போவார்கள். அமுக்கி வைத்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். உங்களுக்கு அந்த நிறுவை இல்லை.

அண்ணனிடம் பொதுவாக “உதவி செய்யுங்க” என்று கேட்காதீர்கள். கிளினிக் நாளன்று லீவு போட்டு வந்து அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். கொழும்பில் இருப்பவர், சிங்களம் பழகியிருக்கும். அம்மா சொல்வதை டொக்டரிடம் அவரே எடுத்துச் சொல்லட்டும். காசு அனுப்புகிறவருக்கு அந்த வரிசையில் நிற்பது என்னவென்று தெரிய வேண்டும்.

லயத்து அயலவர் ஒருவரையாவது நம்புங்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊரைச் சொல்லி “அங்கொடைக்கு அனுப்பு” என்று ஏசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான், உங்கள் தயக்கம் விளங்குகிறது. எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றோட்டம், கை பலமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது வந்தால் உடனே ஆஸ்பத்திரி என்று அந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். தோள் வலிக்குக் கடையில் வாங்கும் புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தத்தில் லித்தியத்தைக் கூட்டிவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள். கொழுந்தெடுக்கிற வீடுகளில் அந்தக் குளிசை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

அம்மாவோடு முழித்திருப்பது அவருக்கு மருந்தாகாது. நித்திரை குறைந்தும் களைப்பே தெரியாமல் இருந்தால் அது நோய் கிளம்புகிற அறிகுறி. கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். நடு இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அது உங்களுக்கும்தான், அம்மாவுக்கு மட்டும் இல்லை.

கோப்பையை எறிந்ததற்கு, அம்மா தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். ஒரு வார்த்தை போதும். அழவேண்டாம், பிறகு அவர் உங்களைத் தேற்ற வேண்டி வரும்.

போக நினைத்த இடத்துக்கு அண்ணன் வருகிற அன்றே போய் வாருங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த மணி வரும்வரை திரும்பாதீர்கள்.