கையெழுத்து வாங்கியாச்சு, இனி ஆச்சியைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறேன். அங்கே தனியாக வசிக்கும் 78 வயது ஆச்சி, தன்னைக் கேட்காமலே பங்காளி வீட்டுப் பிள்ளைகள் பர்மா தேக்குத் தூண்களை விற்றுவிட்டதாகப் பேர் சொல்லி அழுதார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இப்போது சிங்கப்பூரில் இருக்கும் மகன் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்கிறார். ஆச்சியைக் கேட்டால், "உனக்குச் சரின்னு பட்டா வச்சுக்கப்பா" என்கிறார். படத்தின் உயிரே அந்த மூன்று நிமிடம்தான். சில காட்சிகளை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டைக் காவல் காக்கும் குடும்பத்திடமும், வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போதே, கையெழுத்து வாங்கினேன். என்ன செய்வது?

பதில்: அந்த "வச்சுக்கப்பா"வைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாள் அந்த வீட்டில் பலகாரம் சாப்பிட்டிருப்பீர்கள். அப்படிப் பழகிய பிள்ளையிடம் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல அந்த வயதுக்காரர்களுக்கு வாய் வராது. கேமராவும் மைக்கும் இல்லாமல் ஒருநாள் போய், அந்த மூன்று நிமிடத்தையும் லேப்டாப்பில் போட்டுக் காட்டுங்கள். பேசியது நினைவில் இருக்கும். அழுத முகம் திரையில் எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பார்த்தபின் என்ன சொல்கிறாரோ அதுதான் பதில். முடிந்தால் மறுநாள் இன்னொரு தரம் கேளுங்கள்.

மகன் சொல்வதற்காக மட்டும் வெட்ட வேண்டியதில்லை. பேச்சு ஆச்சியுடையது. ஆனால் படம் வெளியானபின் நீங்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். ஆச்சிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவரும், உடம்புக்கு முடியாவிட்டால் ஓடி வருகிறவரும் அந்த மகன்தான். அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

சரி, ஆச்சி முழு மனதோடு சம்மதித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பேர்களை வைக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லையே! ஆட்டோ சங்கரின் சுயசரிதை வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பொருந்தும்: ஒருவரின் குடும்ப விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது, அது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது கணக்கில்லை. பொது ஆவணத்தில் உள்ளவை விதிவிலக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது. திருட்டுத்தனமாக விற்றார்கள் என்பது அவதூறு வழக்குக்கும் இடம்தரும் பேச்சு. இந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. அறை தனித்தனி, வளவு என்கிற உள்முற்றமும் பட்டாலை என்கிற கூடமும் பொது. விற்றவர்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம், ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றப் பணம் தேவைப்பட்டிருக்கலாம். அவர்களிடம் கேட்டீர்களா?

முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். செட்டிநாட்டில் அது பலிக்காது. முகப்பையும் நிலைக்கதவுச் சிற்பத்தையும் பார்த்த உடனேயே யார் வீடு என்று ஊர் சொல்லிவிடும். என் ஆரம்பகாலப் படம் ஒன்றில் ஒரு பெண்ணின் முகத்தை மறைத்தோம், குரலையும் மாற்றினோம். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் கடைப்பெயரும் ஊர்ப்பெயரும் பளிச்சென்று இருந்தன. எடிட் செய்தவன் நான்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் யார் விற்றார்கள் என்பதை முழுதாக வெட்டிவிடுவேன். பிடுங்கிய தூணின் வட்டத் தடம் ஆத்தங்குடிக் கல் தரையில் இன்னும் இருக்கும் இல்லையா? அதை நிதானமாகப் படம்பிடியுங்கள். கல்யாணமாகி வந்த நாளில் அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பற்றி ஆச்சி பேசியிருந்தால், அந்தக் குரல் போதும். தூண் போன துக்கம் வந்துவிடும், பங்காளிச் சண்டை வராது.

நீங்கள் அனுப்பிய காட்சிகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கண்டாங்கி கட்டி அம்மியில் அரைக்கிறார் ஆச்சி; பின்னால் மேடையில் மிக்ஸி எட்டிப் பார்க்கிறது. நீங்கள் சொல்லித்தான் அரைத்திருப்பார். இது பழைய வியாதி. ராபர்ட் ஃபிளாகர்ட்டி 1922-ல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்திலேயே, துப்பாக்கி வைத்திருந்த வடகனடாவின் இனூயிட் பழங்குடி வேட்டைக்காரர்களை ஈட்டியோடு நடிக்க வைத்தார், நாயகனின் பெயரையும் மாற்றினார். அம்மிக் காட்சி வேண்டுமென்றால் "முன்னெல்லாம் இப்படித்தான் அரைப்போம்" என்று அவரே சொல்லட்டும். மிக்ஸியை மறைக்க வேண்டாம், எனக்கு அது பிடித்திருக்கிறது.

கடைசியாக, காவலுக்கு இருக்கும் குடும்பம். அவர்களிடம் படிவத்தை நீட்டியபோது பக்கத்தில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்து செல்லாது என்றே எடுத்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குப் போய் மறுபடி கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைகள், சாவிக்கொத்து தொங்கும் ஆணி, பின்கட்டுக் கதவு ஆகிய ஷாட்களையும் வெட்டிவிடுங்கள். பழம்பொருள் திருடுகிறவனும் படம் பார்ப்பான். நாளை ஏதாவது காணாமல் போனால் முதலில் விசாரிக்கப்படுவது அந்தக் காவல்காரர்தான்.