கோடு போடும்போதே கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
இம்மாதம் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற நில அளவையாளர், கோலாலம்பூர்

கேள்வி: நான் செராஸில் இருக்கிறேன். அம்மா, அப்பா பந்திங் பக்கம். அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் இருக்கும் சதுப்புக் காட்டின் வழியாக நெடுஞ்சாலை வரப்போவதாகப் பேச்சு. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டேன். "தினமும் இரண்டு மணி நேரம் ஜேம்மில் உட்காருகிறவள் நீ. வருகிற சாலையையும் தடுக்கிறாயா?" என்று அண்ணன் சண்டைக்கு வருகிறார். என்ன பதில் சொல்வது? (வாசகி, செராஸ்)

பதில்: அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறதம்மா. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம்தான் நீங்கள் சொல்வது அவர் காதில் ஏறும்.

முப்பது வருடத்துக்கு மேல் சாலைக்குக் கோடு போட்டவன் நான். கோடு ஏன் காட்டுக்குள் போகிறது தெரியுமா? தூரம் குறையும் என்பது பல சமயம் பின்னால் சேர்க்கும் காரணம். வீடு, கடை இருக்கும் பக்கம் போனால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு உரிமையாளருக்கும் இழப்பீடு தர வேண்டும். வழக்கு வரும், தாமதம் வரும், தேர்தல் நேரத்தில் கூட்டம் கூடும். வனக் காப்பகமோ மாநில அரசின் நிலம். கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுக்க அங்கே வீடு கிடையாது. அதனால் வரைபடத்தில் பச்சையைக் கண்டால் எங்கள் பென்சில் தானாக அந்தப் பக்கம் சாயும். ஆள் இல்லாத காடு என்பதும் முழு உண்மை இல்லை. குவாலா லங்காட் காட்டோரத்தில் தெமுவான் பூர்வக்குடிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த வரைபடத்தில் அவர்கள் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ஒரு புள்ளிகூட இருந்ததில்லை.

சதுப்புக்காட்டுக்கு வருகிறேன். எண்பதுகளில் ஒரு சாலை வேலை. குத்தகை எடுத்தவர் பெயர் வேண்டாம். மண் எவ்வளவு ஆழத்தில் கெட்டியாகிறது என்று பார்க்க இரும்புக் கம்பியை இறக்கினோம். சுத்தியல் தேவைப்படவில்லை. இட்லி மாவில் கரண்டி இறங்குவதுபோல் கைவிசையிலேயே போயிற்று. நாலு மீட்டர் கம்பி முழுதும் உள்ளே போய்விட்டது, அடி தட்டவில்லை. சுற்றி நின்ற தண்ணீர் பால் இல்லாத தே ஓ நிறம். என் பூட்ஸில் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதை மண் என்று சொல்வதே தப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலை, கிளை, வேர் எல்லாம் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் சேர்ந்து கிடப்பது. மலாயில் காம்புட் என்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். அதன்மேல் சாலை போட, முதல் வேலையாக இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். தண்ணீர் போன இடத்தில் காற்று புகும், மக்கத் தொடங்கும், நிலம் இறங்கும். காய்ந்துவிட்டால் தீப்பிடிக்கும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். ஜொகான் செத்தியாவில் காம்புட் எரியும் மாதங்கள் எப்படி இருக்கும் என்று கிள்ளான்காரர் யாரையாவது கேளுங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார்.

நாங்கள் போட்ட சாலை என்ன ஆயிற்று? ஒரு சிறு பாலத்தைத் தூண் இறக்கிக் கட்டினோம். அது அசையவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் சாலை மட்டும் இறங்கியது. நாலைந்து வருடத்தில் அந்தப் பாலம் காளையின் திமில்போல் துருத்திக்கொண்டு நின்றது. லோரிக்காரர்கள் அதில் ஏறி இறங்கும்போது என் பரம்பரையையே வைதிருப்பார்கள். பள்ளத்தை நிரப்பத் தார்மேல் தார் போட்டார்கள், அந்தப் பாரத்தில் இன்னும் இறங்கியது.

ஆகவே அண்ணனிடம் "சாலை வேண்டாம்" என்று வாதாடாதீர்கள். "இந்தக் கோடு வேண்டாம்" என்று சொல்லுங்கள். வேறு எத்தனை கோடு பார்த்தார்கள், அவற்றை ஏன் தள்ளினார்கள், இருபது வருடப் பழுதுபார்ப்புச் செலவையும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். ஜேம்மில் உட்காரும் மனுஷருக்கும் இந்தக் கேள்வி பிடிக்கும். டோல் கட்டப்போவது அவர்தானே.

கேள்வி: ஒரு ஹெக்டேர் காட்டை எடுத்தால் வேறு இடத்தில் இரண்டு ஹெக்டேர் தருவதாகச் சொல்கிறார்களே, லாபம்தானே ஐயா? (வாசகர், செந்தூல்)

பதில்: பெத்தா லிவிடா என்று ஒரு சின்னஞ்சிறு சண்டைமீன். சிலாங்கூரின் சதுப்புக்காட்டுக் கருநீரில் மட்டும் வாழ்வது. அதற்கு மலைச்சரிவில் இரண்டு ஹெக்டேர் எழுதிக் கொடுத்தால் லோரி பிடித்து ஏறிப் போகுமா?

மலைக்காட்டுக்குக் கணக்கு வேறு, ஏமாற்றம் ஒன்றுதான். கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை, அதாவது இ.கே.வி.இ., முதல் கட்டமாக சுங்கை லோங்கிலிருந்து உக்காய் பெர்டானா வரை சுமார் 24 கிலோமீட்டர். அதற்காக அம்பாங் வனக் காப்பகத்தின் ஒரு பகுதியைக் காப்புப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நீர்ப்பிடிப்புக் காடு அது. ஒரே துண்டாக இருந்த பழைய காட்டில் கோடு கிழித்தால், வெட்டிய ஓரத்தில் வெயிலும் காற்றும் நுழையும். நிழலிலேயே வளர்ந்த மரங்கள் காயும், பெரிய மரங்கள் காற்றுக்குச் சாயும். தாருக்கு அடியில் போன நிலம் கொஞ்சம், ஓரத்தில் கெட்டுப்போகும் நிலம் அதைவிட அதிகம். "ஒன்றுக்கு இரண்டு" என்று சொல்பவரிடம் அந்த ஒன்று எதை எதைச் சேர்த்து ஒன்று என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எதிர்த்தால் நிற்குமா? எங்காவது நின்றிருக்கிறதா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: பக்கத்திலேயே நின்றிருக்கிறது. குவாலா லங்காட் வடக்கு வனக் காப்பகம் 1927இல் அரசிதழில் ஏறியபோது 7,000 ஹெக்டேருக்கு மேல். இன்று 1,000 ஹெக்டேர்கூட இல்லை. மிஞ்சியதிலும் பாதிக்கு மேல், சுமார் 537 ஹெக்டேரை, 2021இல் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அது சாலைக்கு அல்ல, கட்டட மேம்பாட்டுக்கு. செய்தி வெளியே வந்ததும் எழுந்த எதிர்ப்பில், செப்டம்பரிலேயே மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

சாலைக்கே உதாரணம் வேண்டும் என்றால் போலந்துக்குப் போக வேண்டும். அகஸ்டோவ் என்ற ஊருக்குப் புறவழிச்சாலை. கோடு ரோஸ்புடா ஆற்றுச் சதுப்பின் குறுக்கே போனது. நம்மூர்போலவே காம்புட் நிலம், அபூர்வ ஆர்க்கிட் மலர்கள் உள்ள இடம். 2007 குளிர்காலத்தில் இளைஞர்கள் அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டது. அதே நேரம் அகஸ்டோவ்காரர்களும் "எங்களுக்குச் சாலை வேண்டும்" என்று தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில்தானே லோரிகள் இரவும் பகலும் ஓடின, கோபம் நியாயம்தான். கடைசியில் 2009இல் அரசாங்கம் கோடு மாற்றிப் போட்டது. ராச்கி என்ற ஊர்ப்பக்கமாகச் சுற்றிப் போகும் சாலை 2014இல் திறந்தது. லோரிகள் ஊரைவிட்டுப் போயின, சதுப்பும் இருக்கிறது.

கேள்வி: ஆட்சேபக் கடிதம் எழுத வேண்டும். எங்கே, எப்போது, எந்த மொழியில்? தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். (வாசகி, காஜாங்)

பதில்: மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். சிலாங்கூரில் வனக் காப்பகத்தை நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. பத்திரிகையில் அறிவிப்பு வரும், அதில் முகவரியும் கடைசி நாளும் இருக்கும். அரசியல் பக்கத்தை விட்டுவிட்டு அந்தச் சின்ன எழுத்து அறிவிப்புகளைப் படியுங்கள். சாலைத் திட்டம் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் உண்டா என்று விசாரியுங்கள். அந்த மதிப்பீட்டுக்கான 2015ஆம் ஆண்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டமானால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டே ஆக வேண்டும்.

கடிதத்தில் "இயற்கை அன்னை" எல்லாம் வேண்டாம், அதிகாரி அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். மழைக்கு உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறுகிறது, எந்த ஆண்டு ஏறியது, காடு இருக்கும் பக்கம் ஓடை எங்கே போகிறது, இதை எழுதுங்கள். உங்கள் வாசற்படியை உங்களைவிட நன்றாக அளந்தவர் யாரும் கிடையாது. எழுதி முடித்ததும் பத்திரிகை முகவரிக்கு ஒரு நகல் அனுப்பினால் மலாய் எழுத்துப்பிழையை நான் திருத்தித் தருகிறேன். காலையில் பசியாறியதற்கு அப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை.