கால்குலேட்டர் 56.088 காட்டும்போது 56.1 என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் இதே கோபம் வந்தது. பிராக்டிகல் நோட்டில் தகட்டின் பரப்பை 56.088 என்று எழுதியிருந்தேன். சார் சிவப்பு மையில் 56.1 என்று திருத்தி அரை மார்க்கையும் குறைத்துவிட்டார். வந்த விடையை ஏன் வெட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த 56.088 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நீளத்தைச் சாதா ஸ்கேலில் 12.3 செ.மீ. என்றும் அகலத்தை வெர்னியரில் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் அளவுகோல்) 4.56 செ.மீ. என்றும் எடுத்திருந்தேன். 12.3 என்று எழுதினால் உண்மையான நீளம் 12.25-க்கும் 12.35-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். அகலமும் அப்படியே, 4.555 முதல் 4.565 வரை. இப்போது சின்னதைச் சின்னதோடும் பெரியதைப் பெரியதோடும் பெருக்குங்கள், 55.8, 56.4 என்று வரும். புள்ளிக்கு அடுத்த இலக்கமே ஆடுகிறது, அதற்கும் பின்னால் நிற்கும் இரண்டு எட்டுகளை எதை நம்பி எழுதுவது?

அதனால்தான் பெருக்கல், வகுத்தலில் முக்கிய எண்ணுரு, அதாவது அளந்ததை நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள், எந்த அளவீட்டில் குறைவோ அத்தனைதான் விடையிலும் என்கிறார்கள். 12.3, 4.56 இரண்டிலும் மூன்று, அதனால் விடையும் மூன்று இலக்கத்தோடு 56.1. கூட்டல், கழித்தலுக்கு மட்டும் தசம இடம் குறைவானதைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருமுறையாவது குழப்பிக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததில்லை.

அப்புறம் பூஜ்யம். 4.5-ம் 4.50-ம் கணக்கு வகுப்பில் ஒன்றுதான், லேபில் இல்லை. 4.50 என்றால் நூறில் ஒரு பங்கு வரை பார்த்தேன், அங்கே பூஜ்யம்தான் இருந்தது என்று சாட்சி சொல்வது மாதிரி. 0.0045 மீட்டரில் முன்னால் இருப்பவை சும்மா இடம் பிடிப்பவை, 4.5 மி.மீ. என்று மாற்றினால் காணாமல் போய்விடும்.

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசலில் இன்னொரு வேடிக்கை. 20 அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்புவது ஒரு அலைவு) ஸ்டாப்வாட்ச் 36.42 வினாடி காட்டியது. இந்த 20 எண்ணியது, அளந்ததல்ல, அதனால் முக்கிய எண்ணுருக் கணக்கில் அது குறுக்கே வராது. சந்தேகமெல்லாம் அந்த .42 மேல்தான். வாட்ச் நூறில் ஒரு வினாடி காட்டலாம், என் கட்டைவிரலுக்கு அவ்வளவு வேகம் இல்லை, பட்டனை அழுத்துவதில் 0.2 வினாடி முன்பின் ஆகிவிடும். ஆனால் அந்தப் பிழையையும் 20-ஆல் வகுக்கிறோம் இல்லையா, அது 0.01 ஆகச் சுருங்கிவிடுகிறது, ஆகவே ஒரு அலைவு 1.82 வினாடி என்று தைரியமாக எழுதலாம். ஒன்றிரண்டு அலைவோடு விடாமல் ஏன் இருபது எண்ண வைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முழுமைப்படுத்துவதைக் கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள். 2.348-ஐ முதலில் 2.35, பிறகு 2.4 என்று கொண்டுபோனால் தப்பு. நேரே பார்த்தால் 2.3-தான்.

அளக்காத இலக்கம் ஊரையே நம்பவைத்த கதையும் உண்டு. உடல் வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-ல் வெளியிட்ட சராசரி 37 டிகிரி செல்சியஸ். அதை 9/5-ஆல் பெருக்கி 32 கூட்டினால் 98.6. மூலத்தில் இல்லாத நுணுக்கம் பெருக்கலில் முளைத்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் தெர்மாமீட்டர் 99 காட்டினாலே அன்றைக்கு ரசம் சாதம்தான்.