நீந்தத் தெரிந்தவர், மூழ்குபவரைக் காப்பாற்றக் கடலில் குதிக்கலாமா?

வெறுங்கையோடு குதிக்க வேண்டாம் என்பதே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் ஊதியமின்றி உயிர்காப்புப் பணி செய்துவரும் என்னுடைய பதில். மூழ்குபவர் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டு அதன்மேல் ஏறி மூச்சுவிட முயல்வார். எட்டியது உங்கள் கழுத்தாக இருந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் இருவரும் சேர்ந்தே அமிழ நேரிடும். பிள்ளையைக் காக்கப் போன தந்தை கரை திரும்பாமற்போவது இதனால்தான்.

முதலில் உயிர்காப்பாளரைக் கூவி அழையுங்கள். அவர் இல்லாத இடத்தில் கைபேசியில் 112ஐ அழைக்கச் சொல்லி ஒருவரை நிறுத்துங்கள். பிறகு மிதக்கும் பொருள் எதையேனும் மூழ்குபவரிடம் வீசுங்கள். தென்னாப்பிரிக்காவில் தேசியக் கடல் மீட்பு நிறுவனம் 2017 முதல் கடற்கரைகளிலும் அணைக்கட்டுகளிலும் இளஞ்சிவப்பு மிதவைகளைக் கம்பங்களில் தொங்கவிட்டிருக்கிறது. வேறு வழியே இல்லாமல் நீரில் இறங்குபவர் அதை எடுத்துக்கொண்டு இறங்கினால், பிடித்துக்கொள்ள அவரது உடலுக்குப் பதிலாக ஒரு பொருள் மூழ்குபவருக்குக் கிடைக்கும். அந்த மிதவைகளைத் திருடுவோரும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஆபத்து பெரும்பாலும் ரிப் கரண்ட் எனப்படும் இழுவை நீரோட்டத்தால் வருகிறது. கரைக்கு வந்த அலைநீர் குறுகிய பாதையில் கடலுக்குத் திரும்பும் அவ்விடத்தில் அலை அதிகம் உடையாது. ஆகவே குழந்தைகளை இறக்க ஏற்ற அமைதியான இடம் அதுதான் என்று வெளியூரார் எண்ணிவிடுகிறார்கள். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, கடலை நோக்கியே இழுக்கிறது. எதிர்த்து நீந்திக் களைப்பதே கொல்கிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இயன்றால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி நீரில் இறங்காமலே நடப்பது. டிசம்பர் விடுமுறையில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவோரிடம், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்கும்படி திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சேலையோடு இடுப்பளவு நீரில் நிற்கும் பாட்டிமாரைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. கடற்கரைகளை இனவாரியாகப் பிரிக்க வழிசெய்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. அந்தத் தலைமுறையில் பலர் நீச்சல் கற்காமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

கரைசேர்த்தவருக்கு மூச்சு இல்லையெனில், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயலாதீர்கள். பயிற்சி பெற்றவர் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பின்னர் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். தெளிந்து எழுந்தாலும் அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.