நடந்துருவீங்க அக்கா, ஹால்ல தூங்கறதுக்குத்தான் பழகணும்

கேள்வி: எனக்கு 57 வயசு, போன வருஷம் ரிட்டயர் ஆனேன். எங்கம்மா ஊர்ல இருந்தப்ப ரெண்டு தடவ வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிருக்காங்க, எனக்கு அந்த பாக்கியம் கிடைக்கல. இப்ப தோழி ஒருத்தி ஸ்பெயின் கமினோ யாத்திரைக்கு கூப்பிடறா. நடந்துருவேன்னு தைரியம் இருக்கு, ஆனா ராத்திரி ஆம்பள பொம்பள எல்லாரும் ஒரே ஹால்ல அடுக்குக் கட்டில்ல படுக்கணுமாமே, அத நினைச்சாத்தான் கூச்சமா இருக்கு. ஒரு நாள் எப்படிப் போகும்னு உள்ளபடி சொல்லுங்க.
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அக்கா, நடக்கறதப் பத்தி எத்தனையோ பேர் கேட்டாங்க, படுக்கறதப் பத்தி நீங்கதான் கேட்டீங்க. எனக்கும் போறதுக்கு முன்னாடி அதே பயம்தான். முழு பாதை பிரான்ஸ் எல்லையிலேர்ந்து கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர், ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நான் சாரியாங்கற ஊர்லேர்ந்து கடைசி 115 கிலோமீட்டர்தான் நடந்தேன், அஞ்சு நாள். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தாத்தான் யாத்திரை முடியற சாந்தியாகோ ஊர்ல கொம்போஸ்டெலாங்கற சான்றிதழ் தருவாங்க, அதனால அங்கேர்ந்து கிளம்பறவங்க ஏராளம். உங்களுக்கும் அதுதான் சரி.

நான் போனது செப்டம்பர் கடைசி. காலைல ஏழு மணிக்கு வெளிய வந்தா கும்மிருட்டு, அங்க அந்த மாசம் எட்டு மணிக்கு மேலதான் விடியுது. கையில டார்ச் வெச்சுக்கிட்டு மஞ்சள் அம்புக்குறிய தேடித்தேடி நடக்கணும், அத 1980கள்ல பெயின்ட் டப்பாவ தூக்கிக்கிட்டுப் போய் வரைய ஆரம்பிச்சவர் எலியாஸ் வலீன்யான்னு ஒரு பங்குச் சாமியார், மலை மேல இருக்கற ஓ செப்ரெய்ரோ ஊர்க்காரங்களுக்கு சாமியாரா இருந்தவர், சுவத்துல கல்லுல மரத்துலன்னு எங்க பாத்தாலும் அந்த அம்பு இருக்கும், எதுத்தாப்ல யார் வந்தாலும் "புவென் கமினோ", அதாவது நல்லபடியா நடங்கம்பாங்க. வழியில காபிக்கடையில நின்னு யாத்திரை பாஸ்போர்ட்ல முத்திரை குத்திக்கணும், இந்தக் கடைசி பகுதியில ஒரு நாளைக்கு ரெண்டு முத்திரை கட்டாயம். அத மறந்துராதீங்க.

மொத நாள் 22 கிலோமீட்டர், போர்த்தோமரீன் வரைக்கும். நீளமான பாலத்தத் தாண்டினதும் ஊருக்குள்ள ஏற செங்குத்தா ஒரு கல் படிக்கட்டு, கால் கெஞ்சும். பழைய ஊர் 1960கள்ல அணைத் தண்ணியில மூழ்கிருச்சு, அதுக்கு முன்னாடியே கோயில கல்லு கல்லா பிரிச்சு நம்பர் போட்டு மேட்டுல திரும்பக் கட்டியிருக்காங்க. கிட்ட போய் பாத்தா சில கல்லுல அந்த நம்பர் இன்னும் தெரியுது.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன். யாத்திரிகர் விடுதிய அல்பெர்கேம்பாங்க. அரசாங்க விடுதி மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கும், முன்பதிவு கிடையாது, வந்தவங்களுக்கு வந்த வரிசைல கட்டில். ஷூவ வாசல்லயே கழட்டி ரேக்குல வெச்சுட்டுத்தான் உள்ள போகணும், நம்ம வீடு மாதிரியேதான். பேப்பர் மாதிரி ஒரு விரிப்பு, தலையணை உறை கொடுப்பாங்க. ஆமா அக்கா, ஆம்பள பொம்பள சேர்ந்துதான் படுக்கணும், ஒளிச்சு சொல்ல ஒண்ணும் இல்ல. உடை மாத்தறது குளியலறையில வெச்சுக்குங்க, தொளதொளன்னு ஒரு குர்த்தியும் பேன்ட்டும் இருந்தா அதே உடுப்புல தூங்கி அதே உடுப்புல நடந்துரலாம். முட்டி வலி இருக்குன்னு சொன்னா கீழ்க் கட்டில் தருவாங்க, கேக்கத் தயங்காதீங்க. பைய கட்டில் மேல வெக்காதீங்க, மெத்தை தையல் ஓரத்த ஒரு தடவ பாத்துருங்க, மூட்டைப்பூச்சி அங்கதான் இருக்கும்.

அன்னிக்கு சாயங்காலம் குதிகால்ல கொப்புளத்தோட கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தேன். எதிர்க் கட்டில்ல ஒரு கொரியப் பாட்டி, எழுபதாவது இருக்கும், ஒரு வார்த்தை பேசாம தரையில உக்காந்து என் கால எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. நான் பதறிப்போய் இழுத்துக்கிட்டேன், பெரியவங்க நம்ம காலத் தொடறதான்னு. அவங்க விடல. தொடச்சு, மடிச்ச பேப்பரால விசிறி காயவெச்சு, பிளாஸ்டர் டேப்போட நாலு மூலையையும் கத்தரியால வட்டமா வெட்டினாங்க, கூரா இருந்தா சாக்ஸ்ல மாட்டி உரிஞ்சிரும்னு சைகையில காமிச்சாங்க. ஒட்டிட்டு உள்ளங்கையால ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சிருந்தாங்க. டேப் சாந்தியாகோ வரைக்கும் உரியவே இல்ல. பத்து மணிக்கு விளக்க அணைச்சதும் ஹால்லயே பெரிய குறட்டை அந்தப் பாட்டியோடதுதான், எனக்கு எரிச்சலே வரல. கூச்சமும் அன்னிக்கே போயிருச்சு. தனி ரூம்ல தங்கியிருந்தா அந்தப் பாட்டிய எனக்குத் தெரிஞ்சிருக்காது, அதனாலதான் அஞ்சு ராத்திரியில மூணு ராத்திரியாவது ஹால்ல படுங்கன்னு சொல்றேன்.

காது அடைப்பான் கண்டிப்பா வேணும், இங்கயே ஒரு வாரம் போட்டுத் தூங்கிப் பழகுங்க. பைய ராத்திரியே கட்டி வெச்சுருங்க, விடியக்காலைல பிளாஸ்டிக் பைய சரசரன்னு நோண்டினா முப்பது பேர் எழுந்துக்குவாங்க. பை எடை உங்க எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. அந்தப் பையோடவே உங்க புளோக் படிய ஏறி இறங்குங்க, சனிக்கிழமை பழைய ரயில் பாதையில 15 கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை திரும்ப அதே 15. வலிக்கிற காலோட ரெண்டாவது நாள் நடக்கறதுதான் உண்மையான பயிற்சி.

கேள்வி: நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்யறது?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கஷ்டம்தான், ஆனா பட்டினி கிடக்க வேண்டாம். சாலட்னு கேட்டா டூனா மீன போட்டுக் கொண்டு வருவாங்க, கீரை சூப்னு நம்பி வாங்கினா பன்றிக் கொழுப்பு இருக்கும், பருப்பு சூப்ல சொரிஸோங்கற பன்றிக்கறி சாசேஜ் மிதக்கும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ", கறி வேணாம் மீன் வேணாம், இந்த ரெண்டையும் மனப்பாடம் பண்ணிக்குங்க. முட்டை சாப்பிடுவீங்கன்னா உருளைக்கிழங்கு தோர்த்தியா, அதாவது கனமான ஆம்லெட், எல்லா ஊர்லயும் கிடைக்கும். விடுதியில அடுப்பு இருக்கும், ஆனா இந்தக் கடைசி பகுதி இருக்கற கலீசியா மாநிலத்து அரசாங்க விடுதிகள் நிறையதுல பாத்திரம் இருக்காது, சின்ன பாத்திரம் ஒண்ணு கொண்டு போங்க. பருப்புப் பொடி எடுத்துக்கலாம். நெய் மட்டும் வேணாம், பால் பொருள ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டாங்க. கிராமத்துக் கடைங்க மத்தியானம் சாத்திருவாங்க, ஞாயித்துக்கிழமை திறக்கறதே அபூர்வம், அதனால சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வெச்சுக்குங்க.

கேள்வி: நாங்க இந்துக்கள், தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்கு நடக்கறவங்க. இந்த யாத்திரை போகலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தாராளமா போங்க. யாரும் மதம் கேட்டு நிறுத்த மாட்டாங்க, கடைசியில யாத்திரிகர் அலுவலகத்துல என்ன காரணத்துக்காக நடந்தீங்கன்னு மட்டும் கேப்பாங்க, மனசுல இருக்கறத சொல்லுங்க. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேணாம், இந்திய பாஸ்போர்ட்ல இங்க நிரந்தரவாசியா (பிஆர்) இருக்கறவங்க ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா எடுத்தே ஆகணும். சாந்தியாகோங்கறது யாருன்னா, இயேசுவோட சீடர் யாக்கோபு, ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் பக்கத்துல நம்ம மீனவ மக்கள் கும்பிடற அதே சந்தியாகப்பர்தான்.