பெரியவர்களைக் காட்டுக்குக் கூட்டிப் போகும் முன்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் முதல் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. சிட்னியில் வெஸ்ட்மீடுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். சாயங்காலம் பாரமட்டா பார்க்கைச் சுற்றி நடக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இருபது பேரைச் சேர்த்து மாதம் ஒரு புஷ்வாக், அதாவது காட்டு நடை, அக்டோபரில் மூன்று ராத்திரி தங்கி நடக்கிற மாதிரி ஒரு கேம்ப் போடவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். எந்த இடம், என்ன ஷூ, பாம்பு இருக்குமா, சாப்பாட்டுக்கு என்ன வழி, தலைக்கு எவ்வளவு ஆகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

ஷூவைச் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், நடக்கும்போது போடப்போகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. செலவுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது நீங்கள் கேட்காத விஷயத்தை.

நம் பெரியவர்கள் "எனக்கு முடியவில்லை" என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பதினான்கு வருஷமாக வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். பாம்பையோ சிலந்தியையோ நினைத்து நான் பயந்ததே இல்லை. இந்த ஒன்றை நினைத்துத்தான் பயப்படுகிறேன். ஒருமுறை ப்ளூ மவுண்டன்ஸ் மலையில், லூராவிலிருந்து எக்கோ பாயிண்ட்டுக்குப் பிரின்ஸ் ஹென்றி க்ளிஃப் வாக் என்கிற பாறை விளிம்புப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஐம்பது அடிக்கு ஒருதரம் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து ரசித்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தால், அந்தக் குளிரில் நெற்றி முழுக்க வேர்வை. கம்பிவேலியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. நாலு மாதத்துக்கு முன்னால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிப் போகமாட்டார்கள், மகனுக்கும் சங்கடம் என்று மறைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து, பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குப் போன உயிர் திரும்பி வர ஒரு வாரம் ஆனது.

அதனால் முதல் வேலையாக ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். என்ன நோய், என்ன மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா, இன்சுலின் எத்தனை மணிக்கு, யாருக்குப் போன் செய்வது. ஒரு பிரதி அவர் பையின் மேல் ஜிப்பில், ஒன்று உங்களிடம். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய், காபி குடித்துக்கொண்டே, தனியாகக் கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும். உங்கள் அப்பா அம்மா போல விசிட்டர் விசாவில் இருப்பவர்களின் இன்சூரன்ஸில், ஏற்கெனவே இருக்கிற நோய் சேர்ந்திருக்கிறதா, ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மருத்துவ உடன்பாடு கிடையாது. இங்கத்து அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருப்பவர்களுக்கே அது ஆம்புலன்ஸ் செலவைக் கொடுக்காது.

அடுத்தது தண்ணீர். இதை ஆண்கள் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரமாட்டார்கள். வழியில் கழிப்பறை இல்லை என்று தெரிந்தால், நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பாட்டிலைச் சுமந்துகொண்டு வருவார்கள், திறக்கமாட்டார்கள். பதினொரு மணிக்குத் தலை சுற்றும். "பித்தம்" என்பார்கள். பித்தமெல்லாம் இல்லை, தண்ணீர்தான். ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அருவியைப் பார்க்காதீர்கள், கழிப்பறை எங்கே என்று பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை என்றால்தான் அது நம் கூட்டத்துக்கு ஏற்ற பாதை. அதே மலையில் பிளாக்ஹீத்தில் பூங்கா மையத்திலிருந்து கோவெட்ஸ் லீப் வரை ஃபேர்ஃபாக்ஸ் பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியே போகும். முதல் தடவை அங்கே போங்கள். அடுத்த மாதம் வென்ட்வொர்த் ஃபால்ஸில் சார்ல்ஸ் டார்வின் வாக். 1836 ஜனவரியில் டார்வின் அந்த ஓடைக்கரையோடு நடந்துதான் பள்ளத்தாக்கைப் பார்த்தார். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், வெஸ்ட்மீடிலிருந்தே மலை ரயில். சீனியர்ஸ் கார்டு எடுத்த பெரியவர்களுக்குத் தங்க நிற ஓபல் என்கிற பயண அட்டையில் நாள் முழுக்க 2.50 டாலர்தான். விசிட்டர்களுக்கு அது கிடையாது, முழுக் கட்டணம். சனி ஞாயிறில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பஸ் விடுவார்கள். முந்தின நாள் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

இங்கே பாதைகளை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் தரத்தில் படியே இருக்காது. மூன்றாம் தரம் என்று போட்டிருந்தால் நிறையப் படிகளும், சின்னச் சின்னச் செங்குத்து ஏற்றமும் இருக்கும். நம் கூட்டத்துக்கு ஒன்று, இரண்டு. மூன்றைத் தொடுவதென்றால் நீங்கள் முதலில் தனியாக நடந்து பார்த்த பிறகு. பலகையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பவேண்டாம், அப்படியே இரண்டால் பெருக்குங்கள். ஏறுவதை எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள், ஆனால் முழங்காலைக் கொல்வது இறக்கம்தான். எக்கோ பாயிண்ட்டிலிருந்து ஜயண்ட் ஸ்டேர்வே வழியாக, தொள்ளாயிரம் படிக்கு மேல், "இறங்கத்தானே செய்கிறோம்" என்று அப்பா அம்மாவை இறக்கிவிட்டு மறுநாள் கட்டிலைவிட்டு எழமுடியாமல் செய்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெருமழைக்குப் பிறகு பாறைச் சுவருக்குக் கீழே போகிற பாதைகளே வேண்டாம். 2022 ஏப்ரலில் வென்ட்வொர்த் பாஸ் என்கிற அப்படியொரு பாதையில் பாறை சரிந்து ஒரு தகப்பனும் மகனும் இறந்துபோனார்கள்.

இனி கூட்டத்தை நடத்துவது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரிகிற இடத்தில் எல்லாம் முன்னால் போகிறவர் நிற்கவேண்டும், கடைசி ஆள் முகம் தெரிகிறவரை. எண்ணவேண்டும். நின்ற இடத்திலெல்லாம் எண்ணவேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். முன்னால் வந்தவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் வந்த பாட்டிக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைத்திருக்காது. ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கே கிடைக்காமல் போகும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கடைசி ஆளாக நான் நடந்திருக்கிறேன். 1991-இல் வந்தோம். வேலையே இல்லாத காலம் அது. அடுத்த வருஷம் வேலையில்லாதவர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். தென்காசியில் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், இங்கே ஹோம்புஷில் ஒற்றை அறையில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டம்மா ஒரு நடைக்குழுவோடு போகச் சொன்னார். ஜூலை மாதம், ராயல் நேஷனல் பார்க், வாட்டர்ஃபால் ஸ்டேஷனில் இறங்கி ஊலூலா அருவி வழியாக ஹீத்கோட். பத்துப் பதினோரு கிலோமீட்டர். என் காலில் ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை, அதில் ஒரு லிட்டர் தண்ணீரும் எலுமிச்சைச் சாதமும். டார்ச் இல்லை. முன்னால் போன தலைவர் திரும்பியே பார்க்கவில்லை. கார்லூ குளத்துக்கு முன்னால் செருப்பு வார் அறுந்தது. குனிந்து அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் யாரையும் காணோம். ஜூலையில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஓடைப் பள்ளத்தில் அதற்கும் முன்னால்.

என்னைத் தேடித் திரும்பி வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். திட்டவில்லை, ஏன் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாய் என்று கேட்கவில்லை. பையிலிருந்து க்ரேப் பேண்டேஜை எடுத்து, செருப்போடு சேர்த்து என் பாதத்தைச் சுற்றிக் கட்டினார். குதிகாலுக்கு இரண்டு சுற்று, கணுக்காலுக்கு ஒரு சுற்று, முனையை உள்ளே செருகினார். வாயில் ஒரு மிட்டாய் போட்டுக்கொள்ளச் சொல்லி, எனக்குப் பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஹீத்கோட் வரை நடந்தார். ஒருதரம்கூட என்னை முந்தவில்லை. அடுத்த மாதம் பழைய ஜோடி பூட்ஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஐந்து வருஷத்தில் நான் வரைபடம் பார்த்து, காம்பஸ் வைத்துக் கூட்டத்தை வழிநடத்தினேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை உண்டு.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். முப்பது வருஷமாக இங்கே இருந்தும் "காட்டில் நடப்பது வெள்ளைக்காரர்கள் வேலை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போகிறேன் என்று கிளம்புகிறவர்களோ பத்து காரில், பிரியாணி அண்டாவோடு, பதினொரு மணிக்கு வந்து இறங்கி, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, மனசு வலிக்கும். அப்புறம், பாட்டி தாத்தாவைப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரவழைத்துவிட்டு, ஒரு புதன்கிழமைகூட நடைக்கு விடாத பிள்ளைகள். அவர்களிடம் நீங்கள்தான் பேசவேண்டும், தம்பி. சீனப் பெரியவர்கள் எங்கள் ரயிலில்தான் வருவார்கள். கையில் ஒரே நிறத் தொப்பி, எட்டு மணிக்கு ஸ்டேஷனில் வரிசையாக நிற்பார்கள். நாம் கற்றுக்கொள்ள அவர்களிடம் நிறைய இருக்கிறது.

பாம்பு கேட்டீர்கள். வெயில் காலத்தில் இருக்கும், மிதிக்காமல் நடங்கள். கடித்தால் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கடித்த கையையோ காலையோ முழுக்க அழுத்தமாகப் பேண்டேஜ் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளை அசையவிடாமல் படுக்க வைத்து, அவசர எண் 000-க்குப் போன் செய்யுங்கள். பள்ளத்தில் சிக்னல் இருக்காது, அதனால் ஆபத்தில் உதவி கேட்டு சாட்டிலைட் வழியாகச் சிக்னல் அனுப்புகிற பீக்கன் ஒன்று எடுத்துப்போங்கள். ப்ளூ மவுண்டன்ஸில் பிளாக்ஹீத் மையத்திலேயே இலவசமாகக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். பாம்பைவிட நெருப்புக்குப் பயப்படுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து தீ அபாயத்தை நாலு படியாகச் சொல்கிறார்கள். மூன்றாம் படி 'எக்ஸ்ட்ரீம்' என்று வந்தாலே நடையை ரத்து செய்துவிடுங்கள். டிக்கெட் போனால் போகட்டும்.

கேம்ப் பற்றி. கூடாரம் வேண்டாம், முதுகில் மூட்டை தூக்கி ஊர் ஊராகப் போவதும் வேண்டாம். ஒரே இடத்தில் தங்கி, காலையில் போய் மதியம் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பண்டனூன் போவோம். சதர்ன் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் சின்ன ஊர், ரயில் உண்டு, ஆனால் வண்டி குறைவு. 2009-இல் ஊரே கூடி பாட்டில் தண்ணீர் விற்பதில்லை என்று முடிவெடுத்த ஊர் அது. பாட்டில் நிரப்பிக்கொள்ளத் தெருவிலேயே குழாய் வைத்திருக்கிறார்கள். மார்ட்டன் நேஷனல் பார்க் பக்கத்திலேயே. வேன் வைத்தால் ஃபிட்ஸ்ராய் அருவிக்கும் போய்வரலாம், 81 மீட்டர் விழுகிறது, பார்க்கிற இடம் வரை பலகைப் பாதை. தினமும் இரண்டு நடை போடுங்கள், ஒன்று மூன்று கிலோமீட்டர், ஒன்று எட்டு. சின்னதை யார் எடுத்தாலும் ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. போய்ச் சேருகிற நாளில் நடை வேண்டாம். கட்டிலில் மேல் தட்டு யாருக்கும் கூடாது, ராத்திரி மூன்று தரம் எழுகிறவர்கள் அவர்கள். கழிப்பறை வழியில் ராத்திரி விளக்கு எரியட்டும். சமையலை ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் சீட்டுப் போட்டுப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் அம்மாமார்கள் மூன்று நாளும் அடுப்படியிலேயே நின்றுவிட்டு, மலையைப் பார்க்காமலே வீடு திரும்புவார்கள். முதல் கேம்ப்பில் எனக்கு அது நடந்தது.

அதற்கு முன்னால் நீங்கள் ஏதாவது பழைய நடைக் கிளப்பில் விருந்தாளியாக மூன்று நாலு தடவை போய்வாருங்கள். 1927-இல் தொடங்கிய கிளப்பே இன்னும் நடக்கிறது. அவர்களுக்கு இன்சூரன்ஸும் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு.

பண்டனூனில் மின்மினிப் புழுக்கள் ஒட்டியிருக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. ராத்திரிதான் தெரியும். படி இறங்கவேண்டும், ஈரமாக இருக்கும். போன கேம்ப்பில் வந்தவர்கள் பதினாறு பேர். ஐந்து பேரைத் தங்கும் இடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டேன், அதில் இரண்டு பேருக்குக் கோபம். பதினொரு பேர், பாதம் பார்த்துப் பாதம் வைத்து இறங்கினார்கள், கூட வந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நான் மேலே கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றேன். கீழே போனதும் டார்ச்சையெல்லாம் அணைத்துவிட்டார்கள், அதன்மேல் வெளிச்சம் பட்டால் புழு ஒளிராது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பாட்டியின் குரல் மட்டும் இருட்டிலிருந்து வந்தது: "அடியாத்தி, கார்த்திகை!" பத்து நிமிஷம் கழித்து டார்ச்சுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முதல் வெளிச்சம் படியில் ஏறியதும் நான் எண்ண ஆரம்பித்தேன்.